நேர் சாலையில் மின்னிய விளக்கு

முகில்மலை ஏற இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் அடிவாரத்தில் உள்ள ஒரு திடலில் வந்து பழகுவார்கள். அங்கே அறுநூறு மீட்டருக்கு ஒரு நேர் சாலையும், முப்பது மீட்டர் அகலத்தில் வழவழப்பான ஒரு சிமென்ட் வட்டமும் உண்டு. வட்டத்தை எப்போதும் நனைத்தே வைத்திருப்பார்கள். வண்டி சறுக்க வேண்டும் என்பதற்காக.

திடலை நடத்தியவர் பரிமளம். வயது நாற்பத்து நான்கு. ஒரு கார் கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் பிரேக் சோதித்தவர். ஓட்டுநர்கள் அவரை டீச்சர் என்றார்கள். தன்னைவிட மூத்தவர்களை அவர் அண்ணா என்று அழைத்தார்.

அவரிடம் பழகியவர்கள் பதினொரு பேர், எல்லாரும் ஆண்கள். மூத்தவர் சென்னியப்பன். வயது நாற்பத்தொன்பது. மலை மேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக ஜீப் ஓட்டுகிறார். திடலுக்கு வரத் தொடங்கி ஏழு ஆண்டுகள். பழகி முடித்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. திடலின் இரண்டு கார்களையும் கழுவித் துடைத்து, ஆயில் பார்த்து, காற்றடித்து வைப்பவர் அவர்தான்.

புதியவர் சவேரி. வயது முப்பத்தாறு. வந்து எட்டு மாதம்.

திடலில் ஒரு விதி இருந்தது. கார் ஓட்டுகிறவர் வலது சீட்டில். இடது சீட்டில் டீச்சர் மட்டுமே உட்காருவார். அவர் உட்காராவிட்டால் அது காலியாகவே போகும். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் ஓட்டியவர் தன் நோட்டில் தேதி எழுதி, இடது சீட்டில் டீச்சரா, காலியா என்று எழுதி, அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுத வேண்டும்.

சென்னியப்பனின் நோட்டுதான் எல்லாவற்றிலும் சுத்தமானது. அதன் கடைசிப் பக்கத்தில் அவர் யாருக்கும் காட்டாத இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றின் தலைப்பு சவேரி. மற்றதன் தலைப்பு நான். டீச்சர் சவேரியோடு காரில் ஏறும்போதெல்லாம் முதல் வரிசையில் ஒரு கோடு. தன்னோடு ஏறும்போது இரண்டாவது வரிசையில் ஒரு கோடு.

முதல் வரிசையில் தொண்ணூற்றேழு கோடுகள். இரண்டாவதில் ஆறு.

கோடுகளில் அடங்காதவையும் இருந்தன. டீச்சர் சவேரியை நீ என்றார். சென்னியப்பனை நீங்க என்றே சொன்னார். சவேரி ஓட்டும்போது கண்ணாடிக்குள் டீச்சர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டே போவது தெரியும். சென்னியப்பன் ஓட்டும்போது சாவியைக் கொடுத்துவிட்டு டீச்சர் வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவார். ஒரு நாள் சவேரி ஏதோ சொல்ல, டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன என்று தெரிந்துகொள்ள சென்னியப்பன் காரின் நான்கு டயர்களுக்கும் இரண்டு முறை காற்றுப் பார்த்தார். தெரியவில்லை.

மினி பஸ் ஓட்டும் மாரப்பன் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்கண்ணா, இளைய தாரம் வந்த வீட்டுல மூத்த தாரம் நிக்கற மாதிரி நிக்கறீங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் மலை மேல் உள்ள ஆஸ்பத்திரிக்குப் புது ஆம்புலன்ஸ் வருவதாகச் செய்தி வந்தது. சறுக்கும்போது வண்டியைப் பிடித்து வழிக்குக் கொண்டுவரும் இ.எஸ்.சி. என்ற கருவி அதில் இருந்தது. ஓட்டுநர் ஒருவர் வேண்டும். ஒரே ஒரு பெயரை எழுதி அனுப்புமாறு ஆஸ்பத்திரி டீச்சரைக் கேட்டிருந்தது. சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

பத்தொன்பது ஆண்டுகளில் சென்னியப்பன் தன் ஜீப்பில் நோயாளிகள் முப்பத்தொரு பேரை மலையிலிருந்து இறக்கியிருக்கிறார். இருபத்தொன்பது பேர் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மற்ற இருவரின் பெயரும், எந்த வளைவில் மூச்சு நின்றது என்பதும் அவருக்குத் தெரியும். ஒன்பதாவது. பத்தொன்பதாவது. அதை டீச்சரிடம் மட்டும் ஒரு முறை சொல்லியிருக்கிறார். அந்த ஆம்புலன்ஸை அவர் கேட்கவில்லை. தன் பெயரை டீச்சர் எழுதுவார் என்று இருந்தார். சவேரி வராமல் இருந்தால் அதில் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

*

திங்கட்கிழமை டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டு அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். திடலின் இரண்டு கார்களில் பழையதில் அது இல்லை. வெள்ளைக் காரில் உண்டு. அது வேலை செய்யும்போது முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு மின்னும்.

மாரப்பனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் மிதிக்கிற பிரேக்கைவிட அந்தப் பெட்டி என்ன பெரிதாக மிதித்துவிடும் என்று கேட்டார்.

டீச்சர் காவலாளியின் அறையிலிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். மாரப்பனை அதில் உட்கார வைத்தார். நான்கு பேரை நான்கு காலையும் தூக்கச் சொன்னார். வலது முன்னால் சென்னியப்பன். இடது பின்னால் சவேரி.

“மாரப்பண்ணா, போக வேண்டிய பக்கம் கையைக் காட்டுங்க. உங்க கைதான் ஸ்டீயரிங். இவங்க நாலு பேரும் சக்கரம். வாய் பேசக் கூடாது, ஓட மட்டும் செய்யணும். நான் அந்தப் பெட்டி.”

நால்வரும் கட்டிலோடு ஓடினார்கள். மாரப்பன் கையை இடப்பக்கம் வேப்ப மரத்தை நோக்கி நீட்டினார். ஓடுகிற வேகத்தில் கட்டில் திரும்பாமல் நேரே போனது. பின்னால் ஓடி வந்த டீச்சர் சவேரியின் தோளை ஒரு விரலால் தொட்டார். சவேரி ஒரு கணம் காலைத் தேய்த்தார். கட்டில் இடப்பக்கம் திரும்பியது. மறுபடி விலகியது. மறுபடி தொட்டார். மூன்றாவது முறையில் கட்டில் மரத்துக்கு நேராக வந்தது.

கட்டிலை இறக்கினார்கள். மாரப்பனிடம், யார் எப்போது நின்றார்கள் என்று தெரிந்ததா என்று டீச்சர் கேட்டார். தெரியவில்லை என்றார் அவர்.

“காலால மிதிச்சா நாலு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஒண்ணை மட்டும் பிடிக்க நமக்குக் கால் இல்ல. அதுக்கு இருக்கு.”

பிறகு விவரமாகச் சொன்னார். ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் சுற்றை எண்ணும் ஒரு கருவி. ஸ்டீயரிங் தண்டில் ஒன்று, கை எந்தப் பக்கம் போகச் சொல்கிறது என்று பார்க்கும். வண்டியின் நடுவில் ஒன்று, உடம்பு உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும். பெட்டி இந்த இரண்டையும் நொடிக்கு இருபத்தைந்து முறை ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போனால் சும்மா இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு சக்கரத்தைப் பிடிக்கும், எஞ்சினையும் கொஞ்சம் அடக்கும். வண்டி வளையாமல் நேரே ஓடினால் உள்பக்கப் பின் சக்கரம். வால் வீசிச் சுற்றப் பார்த்தால் வெளிப்பக்க முன் சக்கரம். தரையில் பிடிப்பே இல்லை என்றால் அதனாலும் ஒன்றும் ஆகாது.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சென்னியப்பனும் எழுதினார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தோள் என்று ஒரு புதுத் தலைப்பு எழுதினார். சவேரி மூன்று. நான் பூஜ்யம்.

மற்றவர்கள் போன பிறகு அவர் டீச்சரிடம் வந்தார்.

“மூணு தடவையும் அவன் தோளையே தொட்டீங்க.”

“கட்டில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருந்துச்சுங்க” என்றார் டீச்சர்.

*

புதன்கிழமை காலையில் சென்னியப்பன் வெள்ளைக் காரை பெட்ரோல் பங்க்கிலிருந்து ஓட்டி வரும்போது முன் சக்கரம் ஒரு குழியில் விழுந்தது. அதன் பிறகு கார் நேரே போக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மெதுவாகவே ஓட்டி வந்து சேர்ந்தார்.

டீச்சர் வந்து பார்த்தார். உள்ளே ஏதோ கம்பி வளைந்திருக்கும் என்றார். டவுனுக்குக் கொண்டுபோய்க் கம்பியை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, ஸ்டீயரிங் கருவிக்குப் பூஜ்யம் வைத்து எடுத்து வரும்படி சொன்னார். எது நேர் என்பதை அந்தக் கருவிக்குப் புதிதாகக் காட்டிக் கொடுப்பதைத்தான் பூஜ்யம் வைப்பது என்பார்கள்.

டவுனுக்குப் போய் வர மதியம் ஆகிவிடும். அன்று காலை பத்து மணிக்கு டீச்சர் பழைய காரில் சவேரியை ஈர வட்டத்தில் ஓட்ட வைப்பதாக இருந்தது. அது சென்னியப்பனுக்குத் தெரியும்.

அவர் காரை டவுனுக்குக் கொண்டுபோகவில்லை. ஷெட்டின் பின்பக்கம் நிறுத்தினார்.

ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கைவேலை உண்டு. ஸ்டீயரிங் கோணலாக நின்றால் நடு நட்டைக் கழற்றி, கையில் பிடிக்கும் வளையத்தை உருவி, தண்டைச் சுற்றியுள்ள பற்களில் ஒரு பல் தள்ளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள். வளையம் நேராகிவிடும். ஜீப்பில் அதனால் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. சென்னியப்பன் அதை எத்தனையோ முறை செய்திருக்கிறார்.

வெள்ளைக் காரிலும் அதையே செய்தார். பேட்டரி ஒயரைக் கழற்றிக் கால் மணி நேரம் காத்திருந்து, வளையத்தின் நடுவில் இருக்கும் ஏர்பேக்கை எடுத்து ஓரமாக வைத்து, நட்டைத் திருகி வளையத்தை உருவினார். தண்டில் நாற்பது பல். ஒரு பல்லுக்கு ஒன்பது டிகிரி. ஒரு பல் தள்ளிப் போட்டார். வளையம் தராசு மாதிரி நேராக நின்றது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்.

பத்து மணிக்கு அவர் ஷெட்டின் மறைவில் நின்று வட்டத்தைப் பார்த்தார். பழைய கார் ஈரத்தில் வால் வீசிச் சுற்றியது. உள்ளே டீச்சர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஏழு ஓட்டங்கள். கடைசி இரண்டில் சவேரி சுற்றாமல் வெளியே வந்தார். டீச்சர் கையை எடுத்து ஒரு முறை தன் தொடையில் தட்டினார். சென்னியப்பனுக்காக அவர் அப்படித் தட்டியது எப்போது என்று அவருக்கு நினைவில்லை.

மதியத்துக்கு மேல், கார் தயாரா என்று டீச்சர் கேட்டபோது, தயார் என்றார். டீச்சர் எட்டிப் பார்த்தார். வளையம் நேராக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை சோதனை. நேர் சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகம் எடுத்து, நடுவில் வைத்த கூம்புகளைச் சட்டென்று சுற்றிப் பழையபடி தடத்துக்கு வர வேண்டும். ஆம்புலன்ஸ் பெயர் அதை வைத்துத்தான் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். பதினொரு பேரும் வந்திருந்தார்கள்.

முதலில் சவேரி. இடது சீட் காலி.

கார் நேர் சாலையில் வேகம் எடுத்தது. பாதி தூரத்தில், கூம்புகளை எட்டுவதற்கு முன்பே, யாரோ பிடித்து இழுத்ததுபோல் இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. சவேரி அதைச் சரிசெய்தார். மறுபடி வெட்டியது. அவர் கூம்புகளுக்குப் போகாமல் வேகத்தைக் குறைத்துத் திரும்பி வந்தார்.

எட்டு மாதத்தில் சென்னியப்பனுக்கு அவ்வளவு நிம்மதியான நிமிடம் வாய்த்ததில்லை.

“டீச்சர், வண்டி இடப்பக்கம் இழுக்குது. கை நேராத்தான் இருந்துச்சு. நேரா போகும்போதே மஞ்ச விளக்கு மின்னுது. என்னன்னு தெரியல. இதை வெச்சுக் கூம்பு சுத்த வேண்டாம்னு வந்துட்டேன்.”

“கையைக் குத்தம் சொல்ல முடியாம வண்டியைச் சொல்றாப்புல” என்றார் சென்னியப்பன். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

டீச்சர் அவரைப் பார்த்தார்.

“நீங்க ஓட்டுங்க அண்ணா.”

சென்னியப்பன் வலது சீட்டில் ஏறினார். டீச்சர் இடது சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஏழாவது கோடு என்று நினைத்துக்கொண்டார் சென்னியப்பன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிடைத்த கோடு.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். முப்பது, ஐம்பது, அறுபது. வளையம் நேர். சாலை நேர். எழுபதைத் தொடும்போது மஞ்சள் விளக்கு மின்னியது. இடது பின் சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். கார் இடப்பக்கம் வெட்டியது.

சரிசெய்தார். மறுபடி மின்னியது. மறுபடி வெட்டியது.

சென்னியப்பன் காரைத் திருப்பிக் கொண்டுவந்து, எல்லாரும் நின்ற இடத்தில் நிறுத்தினார். இறங்கும்போது அவர் முகம் கறுத்திருந்தது.

“வண்டியை இவன் ஏதோ பண்ணிட்டான். எனக்கு முன்னால ஓட்டினது இவன்தான். நான் ஓட்டும்போது இழுக்கணும்னே பண்ணியிருக்கான்.”

சவேரி தரையைப் பார்த்தார்.

மாரப்பன்தான் பேசினார். அவன் ஓட்டும்போதே இழுத்ததே அண்ணா, தனக்குத்தானே பண்ணிக்குவானா என்றார். அப்போதும் சென்னியப்பன் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

டீச்சர் காரின் இடது கதவைத் திறந்தே வைத்திருந்தார். சென்னியப்பனை மறுபடி வலது சீட்டில் உட்காரச் சொன்னார். வளையத்தைப் பிடிக்கச் சொன்னார்.

“அந்த விளக்கு எப்ப மின்னும் அண்ணா?”

“கை சொல்றதும் வண்டி போறதும் ஒத்துப்போகலைன்னா மின்னுமுங்க.”

“உங்க கை எப்படி இருந்துச்சு?”

“நேருங்க.”

“வண்டி?”

“அதுவும் நேராத்தான் போச்சுங்க. அது இழுக்கற வரைக்கும்.”

“ரெண்டும் நேர்னா அது எதுக்கு மின்னுச்சு?”

சென்னியப்பன் யோசித்தார். வளையத்தை மறுபடி பார்த்தார்.

டீச்சர் ஸ்கேனரைக் காரில் சொருகி சவேரியிடம் கொடுத்தார். கையளவு திரை உள்ள அந்தக் கருவி, பெட்டிக்கு என்ன தெரிகிறது என்று எண்ணில் காட்டும். ஸ்டீயரிங் கோணம் எவ்வளவு என்று படிக்கச் சொன்னார். சென்னியப்பனின் கைகள் வளையத்தை நேராகப் பிடித்திருந்தன. அதைப் பதினொரு பேரும் பார்க்க முடிந்தது.

“இடப்பக்கம் ஒம்பது” என்றார் சவேரி.

திரையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார்.

ஒன்பது என்ற எண்ணைக் கேட்டதும் சென்னியப்பனின் கைகள் வளையத்திலிருந்து கீழே இறங்கின. நாற்பது பல். ஒரு பல்லுக்கு ஒன்பது டிகிரி. அவர் நேராக்கியது வளையத்தை மட்டும்தான். உள்ளே தண்டு கோணலாகவே இருந்தது. கருவி தண்டில் இருந்தது. நேரே போகிற காரைப் பார்த்து, இடப்பக்கம் திரும்பச் சொன்ன கார் திரும்பவில்லை என்று நினைத்து, பெட்டி இடது பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

தான் டவுனுக்குப் போகவில்லை என்றார். ஒரு பல் தள்ளிப் போட்டதைச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் முடித்ததைச் சொன்னார்.

“டவுனுக்குப் போறதுக்கு என்னங்க?”

“போனா மதியம் ஆயிருமுங்க.”

“ஆனா என்ன?”

சென்னியப்பன் கண்ணாடி வழியே ஈர வட்டத்தைப் பார்த்தார்.

“பத்து மணிக்கு நீங்க இவன்கூட வட்டத்துல இருப்பீங்க.”

மாரப்பன்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சென்னியப்பன் இறங்கினார். சவேரியின் முன்னால் நின்றார். அவரைவிட சவேரி ஒரு சாண் உயரம். அதுவும் அவருக்கு முன்பே தெரியும்.

“குத்தம் என்னுது. உன்னைச் சொன்னது தப்பு.”

“விடுங்கண்ணே. நானும் முதல் தடவை இழுத்தப்போ வண்டி மேல சந்தேகப்படல, என் கை மேலதான் சந்தேகப்பட்டேன்.”

டீச்சர் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து சென்னியப்பனின் காலடியில் வைத்தார்.

“முதல்ல அந்தப் பல்லைப் பழையபடி போடுங்க அண்ணா. கோணல் கோணலாவே தெரியட்டும். அப்புறம் டவுனுக்குப் போகலாம்.”

அன்று இருவரும் போனார்கள். சென்னியப்பன் மெதுவாக ஓட்ட, சவேரி பின் சீட்டில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தார். வளைந்த கம்பியை மாற்றினார்கள். நான்கு சக்கரங்களையும் நேர்ப்படுத்தினார்கள். வளையம் நேரானது. இந்த முறை தண்டும் நேரானது. பிறகு மட்டமான தரையில் காரை நிறுத்தி, சென்னியப்பன் வளையத்தை அசையாமல் பிடிக்க, சவேரி பூஜ்யம் வைத்தார்.

“எவ்வளவு?”

“பூஜ்யம்ணே.”

“இன்னொரு தடவை பாரு.”

“பூஜ்யந்தாண்ணே.”

வரும் வழியில் எழுபதில் ஓட்டிப் பார்த்தார்கள். விளக்கு மின்னவில்லை.

*

சனிக்கிழமை டீச்சர் வேப்ப மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கக் கடிதம் எழுதினார். எழுதிய பெயர் சவேரி. மடித்து உறையில் வைத்து, மேலே போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். சவேரியிடம் திங்கட்கிழமை போகச் சொன்னார்.

சென்னியப்பன் அன்று இரண்டு கார்களையும் கழுவினார். தன் ஜீப்பில் இறக்கிய முப்பத்தொரு பேரும் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு விடுமுறை. அன்றும் அவர் வந்தார். டீச்சர் தனியாகக் கூம்புகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். இதுவரை யாருக்கும் காட்டாத பக்கம். வெள்ளிக்கிழமை கிடைத்த ஏழாவது கோட்டை அவர் போடவில்லை.

“பல்லைத் தள்ளிப் போட்டது தப்புத்தானுங்க. பேரு போனதுக்கு அது போதும். அதை நான் கேக்க வரலை. அதுக்கு முன்னாலயே எட்டு மாசமா இது நடக்குது. அவன்கூடத் தொண்ணூத்தேழு தடவை உக்காந்தீங்க. எங்கூட ஆறு. ஏழு வருசமா நான் நேரா இருந்தேன். எனக்கு என்ன குறைன்னு சொல்லுங்க.”

டீச்சர் பிரஷை டப்பாவின் மேல் வைத்தார். கையைத் துடைத்தார். கோடுகளை ஐந்து ஐந்தாக விரல் வைத்து எண்ணினார். இரண்டு வரிசையையும் எண்ணினார்.

“எண்ணிக்கை சரியா இருக்குதுங்க.”

டீச்சர் முதல் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“பூஜ்யம் எந்த நாள்ல வெச்சீங்க?”

“சவேரி வந்த நாளுங்க.”

டீச்சர் எழுந்து அறைக்குப் போனார். எழுதி முடித்த நோட்டுகளை அவர் ஒரு மர அலமாரியில் வைத்திருப்பார். அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அட்டையில் சென்னியப்பனின் கையெழுத்து இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி.

அதை அவரிடம் கொடுத்துவிட்டு டீச்சர் மறுபடி பெயின்ட் அடிக்க உட்கார்ந்தார்.

சென்னியப்பன் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். இடது சீட்: டீச்சர். வளையத்தை இறுக்காதே என்றார். இடது சீட்: டீச்சர். கண்ணாடியைப் பார், என் முகத்தைப் பார்க்காதே என்றார். இடது சீட்: டீச்சர். இன்று சிரித்தார்.

இறுக்காதே. பார். அந்த நாளில் அவரையும் டீச்சர் நீ என்றுதான் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது மறந்து போயிருந்தது.

இடது சீட்டில் டீச்சர் இருந்த ஓட்டங்களை எட்டு மாதம் முடிகிற பக்கம் வரை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு.

மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டுதான்.

அந்த எட்டு மாதத்தில் இந்த மரத்தடியில் நின்று தன்னைப் பார்த்த மூத்தவர்கள் யார் என்று யோசித்தார். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

அதற்குள் டீச்சர் பதினான்கு கூம்புகளையும் முடித்திருந்தார். சென்னியப்பன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு டீச்சர் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்.

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் முதல் தடவையா மலை ஏறுதுங்க. சவேரிக்கு ஒன்பதாவது வளைவும் பத்தொன்பதாவது வளைவும் தெரியாது. இடது சீட் காலியா இருக்குது.”